பதினாறு சக்கரங்கள் சுழன்ற மலைச்சரிவு: வாசகர் கேள்வி – பதில்

தெற்கு பிரான்சில் ஆர்ல் நகரத்துக்குப் பக்கத்தில் பார்பெகால் என்றொரு மலைச்சரிவு இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே ரோமானியர் 16 நீர்ச்சக்கரங்களை வைத்து மாவு அரைத்தார்கள். பிறகு எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போனார்கள். கைவிடப்பட்ட இந்தத் தண்ணீர் ஆலை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பார்பெகால் என்பது ஊரா, வெறும் ஆலையா? அங்கே இப்போது என்ன மிச்சம்? – கே. எஸ்., கரூர்

ஆலை வளாகம்தான். ஃபோன்வியேய் என்ற கிராமத்தின் எல்லைக்குள், அல்பீய் என்னும் சுண்ணாம்புக் குன்றுத் தொடரின் தெற்கு ஓரத்தில், வயலைப் பார்த்தபடி இருக்கிறது. அல்பீய் ஊற்றுகளிலிருந்து இரண்டு கால்வாய்கள் வந்தன. ஒன்று ஆர்ல் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோனது, மற்றது ஆலைக்கு. இரண்டும் சரிவுக்குச் சற்று வடக்கே பக்கம் பக்கமாக ஓடின. ஆலைக் கால்வாய் குன்றின் முகட்டில் பாறையை வெட்டித் திறந்த வாசல் வழியே வந்து, உச்சியில் இரண்டாகப் பிரிந்து, இரு வரிசைகளாகக் கீழே இறங்கியது. ஒவ்வொரு வரிசையிலும் எட்டுச் சக்கரம். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையே சுமார் 18 மீட்டர் இறக்கம். இரண்டு வரிசைகளுக்கும் நடுவே அரவை அறைகள், மூட்டை தூக்கி ஏறி இறங்கப் படிக்கட்டு.

இன்று நிற்பவை கல் சுவர்களின் அடிப்பகுதி, சக்கரக் குழிகள், படிக்கட்டின் சுவடு, முகட்டில் பாறை வெட்டு, அதற்கு வடக்கே கால்வாயைத் தாங்கிய வளைவுத் தூண்கள். சக்கரம், அச்சு, பல்சக்கரம், தண்ணீர் ஓடிய மரவாய்க்கால் எல்லாம் மரம், ஒன்றும் மிஞ்சவில்லை.

முறையாக அகழ்ந்தவர் ஃபெர்னான் பெனுவா, 1937 முதல் 1939 வரை. அவர் இதை ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தில் வைத்தார். 1990களில் ஃபிலிப் லெவோ மறுபடி தோண்டியபோது தொடக்கம் 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் போனது. நூற்றைம்பது, இருநூறு ஆண்டு வித்தியாசம் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அடுத்த கேள்வியில் பாருங்கள்.

அடிமைகள் மலிவாகக் கிடைத்த காலத்தில் ரோமானியர் ஏன் இவ்வளவு செலவு செய்து இயந்திரம் கட்ட வேண்டும்? – வாசகர், மன்னார்குடி

பலகாலம் பாடப்புத்தகங்கள் கேட்ட கேள்வியே இது. அடிமை உழைப்பு இருந்ததால் ரோமானியருக்கு இயந்திரத்தில் அக்கறை இல்லை. ஆள் பற்றாக்குறை வந்த கடைசிக் காலத்தில்தான் வேறு வழியில்லாமல் தண்ணீர்ச் சக்கரத்துக்குப் போனார்கள் என்று எழுதினார்கள். பெனுவாவின் தேதி அந்தக் கதைக்கு நன்றாகப் பொருந்தியது. லெவோவின் தேதி அதைக் கலைத்துவிட்டது. பேரரசு செழிப்பாக இருந்த காலத்திலேயே, ஆள் கிடைத்தபோதே கட்டியிருக்கிறார்கள்.

கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. ஓர் ஆள் நாள் முழுக்கத் திரிகை சுற்றினால் நீடித்துக் கொடுக்கக்கூடிய சக்தி 70 வாட் சுமாருக்கு. பார்பெகாலின் ஒரு சக்கரம் 1,400 வாட் கொடுத்திருக்கலாம் (கணக்கு கீழே வருகிறது). ஒரு சக்கரம் இருபது ஆளுக்குச் சமம். அதுவும் இரவு பகல் பாராமல். அடிமைக்கும் சோறு, துணி, காவல் வேண்டும் என்பதைப் பழைய வாதக்காரர்கள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

ஒரே ஒரு பெரிய சக்கரம் வைத்தால் போதாதா? எதற்குப் பதினாறு? – பொறியியல் மாணவி, சேலம்

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நீர்ச்சக்கரத்தின் சக்தி வாட்டில் வேண்டுமானால், நொடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் × 9.81 × எத்தனை மீட்டர் இறக்கம் × செயல்திறன். பெனுவா கணித்த சக்கர விட்டம் சுமார் 2.2 மீட்டர். மேலிருந்து தண்ணீர் விழும் சக்கரத்துக்கு 65 சதவீதச் செயல்திறன் மரவேலைக்கு நியாயமான எண். ஒரு வரிசைக்கு நொடிக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 × 9.81 × 2.2 × 0.65 போட்டால் ஏறக்குறைய 1,400 வாட். எட்டுச் சக்கரத்துக்கு 11 கிலோவாட்.

இப்போது அதே தண்ணீருக்கு 18 மீட்டர் விட்டத்தில் ஒரே சக்கரம் போடுங்கள். மொத்தச் சக்தி ஏறக்குறைய அதேதான், ஆனால் வேகம் வேறு. மேல்வீழ் சக்கரம் நன்றாக வேலை செய்யும் சுற்று, 21ஐ விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும். 2.2 மீட்டருக்கு நிமிடத்துக்கு 14 சுற்று, 18 மீட்டருக்கு 5 சுற்று. சக்தி கூடுதல், சுற்று குறைவு என்றால் அச்சின் மீது முறுக்கு ஏறும். சின்ன சக்கரத்தின் அச்சில் 950 நியூட்டன் மீட்டர் (முறுக்கை அளக்கும் அலகு) வந்தால் பெரிய சக்கரத்தின் அச்சில் 21,000 வரும். மர அச்சும் மரப்பல்லும் அதைத் தாங்காது. முதல் வாரத்திலேயே பல் உதிரும். மேன் தீவில் லாக்ஸி என்ற இடத்தில் 1854இல் 22 மீட்டர் விட்டத்தில் சக்கரம் கட்டினார்கள் என்றால், அப்போது இரும்பு வார்ப்பு கைக்கு வந்திருந்தது.

இன்னொரு காரணம் அரவைக்கல். ஒரு ஜோடிக் கல்லுக்கு 1,400 வாட் சரியான தீனி. 11 கிலோவாட்டை ஒரே அச்சில் வைத்துக்கொண்டு எட்டு ஜோடிக்குப் பிரித்துக் கொடுப்பது வேறொரு தலைவலி. சக்கரத்துக்கு ஒரு ஜோடிக் கல் என்று வைத்துவிட்டால், ஒரு கல்லைக் கொத்த நிறுத்தும்போது மற்ற ஏழும் ஓடும். நின்ற சக்கரத்தின் மேல் விழும் தண்ணீரும் வழிந்து கீழ்த்தொட்டிக்குத்தான் போகும். அடுத்தவனுக்குக் குறை வராது. நிறுத்திய சக்கரத்தைக் கட்டிவைக்க மறக்கக் கூடாது, அவ்வளவே.

இந்த அடுக்கில் ஒரு சிக்கல் உண்டு. மேல் சக்கரத்தின் தொட்டிக்கும் அடுத்த சக்கரத்துக்கும் இடையே இடம் மிகக் குறைவு. தொட்டியில் தண்ணீர் தேங்கிச் சக்கரத்தின் அடியைத் தொட்டால் அது சேற்றில் மாட்டிய மாதிரி இழுக்கும். பார்பெகாலில் தொட்டியிலிருந்து தண்ணீரை முழங்கை போல வளைந்த மரவாய்க்காலில் வாங்கி அடுத்த சக்கரத்தின் தலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த வளைவு 2020இல் தெரியவந்தது.

மரம் எல்லாம் மக்கிவிட்டது என்கிறீர்கள். வாய்க்காலின் வளைவு வரை எப்படிச் சொல்கிறார்கள்? – ஆர். எம்., தென்காசி

சுண்ணாம்புதான் சாட்சி. அல்பீய் குன்று சுண்ணாம்புப் பாறை. அதிலிருந்து ஊறும் தண்ணீரில் கால்சியம் கரைந்திருக்கும். தண்ணீர் தெறித்து, சிதறி, காற்றோடு கலக்கும்போது அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறும். கால்சியம் கார்பனேட் கெட்டியாகப் படியும். போர்வெல் தண்ணீர் ஊற்றிய வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாக ஏறுமே, அதே சங்கதி. சக்கரம் சுழலும் இடத்தில் தெறிப்பு அதிகம் என்பதால் படிவும் அதிகம்.

மரத்தின் மேல் படிந்த சுண்ணாம்பு, மரம் மக்கிய பிறகும் கல்லாக நின்றுவிட்டது. அதன் உட்பக்கம் பலகையின் அச்சு: மரத்தின் ரேகை, இழைத்த கருவியின் தடம் உட்பட. அகழ்வில் கிடைத்த துண்டுகள் ஆர்ல் தொல்லியல் அருங்காட்சியகத்தின் கிடங்கில் பல ஆண்டு கிடந்தன. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குல் சுர்மெலிஹிந்தி, கேஸ் பாஸ்கியர் இருவரும் லெவோ முதலியோரோடு சேர்ந்து அவற்றில் 142 துண்டுகளை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள்.

ஆராயும் முறை இப்படி. முதலில் துண்டு எங்கே உருவானது என்று வடிவத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். தட்டையாக, ஒரு பக்கம் பலகை அச்சோடு இருந்தால் வாய்க்காலின் அடி அல்லது பக்கச்சுவர். வளைந்து, ஓரம் கூராக இருந்தால் சக்கரத்தின் உறுப்பு. ஒழுங்கில்லாமல் குமிழ் குமிழாக இருந்தால் தொட்டிச் சுவர். பிறகு குறுக்கே அறுத்து மெருகேற்றினால் வெளிர், அடர் என மாறி மாறி வரி தெரியும். ஆனால் வரியைக் கண்ணால் எண்ணி ஆண்டு சொல்வது ஆபத்து. ஒரே ஆண்டில் இரண்டு வரி விழலாம். ஆகவே வரிசையாக நுண்துளை போட்டுத் தூள் எடுத்து ஆக்சிஜன் ஐசோடோப்பு (எடையில் வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்கள்) விகிதத்தை அளக்கிறார்கள். தண்ணீரின் வெப்பநிலை மாற மாற அந்த விகிதம் ஏறி இறங்கும். ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் சேர்ந்தால் ஓர் ஆண்டு.

இதில் கிடைத்தவை சுவையானவை. மர உறுப்புகளை மூன்று முதல் பத்து ஆண்டுக்குள் மாற்றியிருக்கிறார்கள். ஒரு வாய்க்காலில் கீழ்ப் படிவு மெல்லிய, வேகமான நீரோட்டத்தையும், அதன் மேற்படிவு ஆழமான, மெதுவான ஓட்டத்தையும் காட்டுகிறது. வாய்க்காலின் சரிவைக் குறைத்து உயர்த்தியிருக்கிறார்கள். பழைய சக்கரத்தை எடுத்துவிட்டுப் பெரியது மாட்டியதற்கான அடையாளம் அது. யாரும் எழுதி வைக்காத பழுதுபார்ப்புக் கணக்கு இது. ரோமானியத் தொழில்கூடம் ஒன்றின் அன்றாடத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் வேறு தடயம் சுலபத்தில் அகப்படாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு மாவு? புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறுகிறதே! – வணிகர், விருதுநகர்

மாறும். 4.5 டன் என்பது பழைய கணக்கு, 25 டன் என்பது தாராளக் கணக்கு. நடுவே என்ன ஊகம் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். 4.5 டன்னைப் பதினாறால் வகுத்து 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் ஒரு கல்லுக்கு மணிக்கு 12 கிலோகூட இல்லை. 25 டன் என்றால் மணிக்கு 65 கிலோ. பழைய ஆலைக்காரர்களின் கைக்கணக்கு, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஒரு புஷல் கோதுமை, அதாவது 27 கிலோ. பல்சக்கர இழப்பைக் கழித்து ஒரு சக்கரத்துக்கு ஒன்றரைக் குதிரைத்திறன் என்றால் மணிக்கு 40 கிலோ. இரவும் பகலும் பதினாறும் ஓடினால் 15 டன். கல் கொத்த, பழுதுபார்க்க என்று மூன்றில் ஒரு பங்கு நேரத்தைக் கழியுங்கள், 10 டன். தண்ணீர் அளவை நாம் ஊகித்ததால் இதுவும் ஊகமே. ஆனால் இரண்டு முனைகளையும்விட நம்பத்தக்கது என்பது எங்கள் கருத்து.

இவ்வளவு மாவையும் ஆர்ல் நகர மக்கள்தான் தின்றார்களா? – இல்லத்தரசி, பொள்ளாச்சி

முன்பு அப்படித்தான் நினைத்தார்கள். சுண்ணாம்பு வேறு சொல்கிறது. ஆண்டுதோறும் கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் சில மாதம் ஆலை நின்றிருக்கிறது. ஏதோ ஒரு வருடம் பழுதானது போலல்ல, வாடிக்கையாக. ஊருக்குத் தினமும் ரொட்டி போடும் ஆலை இப்படி மாதக்கணக்கில் மூடாது. கல்லில் அரைத்த மாவை மூட்டை கட்டி வைத்துச் சமாளிக்கவும் முடியாது. முளைக்கருவின் எண்ணெய் மாவோடு கலந்திருப்பதால் சில வாரத்தில் காறல் அடிக்கும்.

எனவே ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம், கப்பல் ரொட்டி. இருமுறை சுட்டு ஈரத்தை முழுக்க வாங்கிய கெட்டி ரொட்டி, மாதக்கணக்கில் கெடாது. ஆர்ல் ஆற்றுத் துறைமுகம், கடலோரத்தில் ஃபோஸ் துறைமுகம், இரண்டுமே பக்கம். மத்தியதரைக் கடலில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை கப்பல் பயணத்தைத் தவிர்ப்பது ரோமானியர் வழக்கம். வசந்தத்தில் புறப்படும் கப்பலுக்கு முன்னதாகவே ரொட்டி தயாராக இருக்க வேண்டும்; பருவம் முடியும் தறுவாயில் தேவை விழுந்துவிடும். விளக்கம் பொருந்துகிறது. ஆனாலும் இது அனுமானம், கல்வெட்டுச் சான்று அல்ல.

கட்டியவர் பெயர் தெரியுமா? – வாசகர், காரைக்குடி

தெரியாது என்பதே நேர்மையான பதில். ஆர்லில் குயின்டஸ் கான்டிடியஸ் பெனிக்னஸ் என்ற தச்சர் சங்கத்துக்காரரின் கல்லறைக் கல்வெட்டு உண்டு. தண்ணீரை வழிநடத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அது புகழ்கிறது. இவர்தான் பார்பெகாலைக் கட்டினார் என்று சுற்றுலா வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். கல்வெட்டில் ஆலையின் பெயரே இல்லை.

ஏன் கைவிட்டார்கள்? வெள்ளமா, போரா? – பி. ஜி., ஆம்பூர்

ஆலை ஓடியது ஏறக்குறைய நூறு ஆண்டு. ஒரே நாளில் அழிந்த தடயம் இல்லை. இரண்டு வரிசைகளில் ஒன்று மற்றதற்கு முன்பே நின்றுபோனது. பிறகு மரவாய்க்காலில் படிந்திருந்த நீண்ட சுண்ணாம்புப் பாளங்களைப் பெயர்த்து, வேறு ஏதோ வேலைக்கான தண்ணீர்த் தொட்டிகளில் தடுப்பாக வைத்துக்கொண்டார்கள். அதன் மேலும் சுண்ணாம்பு படிந்திருப்பதால்தான் இது தெரிகிறது. அரவை நின்ற பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஆக, தண்ணீர் வற்றியதால் கைவிட்டார்கள் என்பது நிற்காது. கி.பி. 235இல் ரோமப் பேரரசில் தொடங்கிய ஆட்சிக் குழப்பத்தின் மேல் பழியைப் போடுவதும் வசதியான பதில்தான், ஆனால் ஆலையின் நல்ல காலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

எங்களுக்குப் படுவது, பராமரிப்புச் செலவு. இந்த மாதிரி ஆலை நிற்காமல் பணம் கேட்கும். தண்ணீர் சுண்ணாம்பைக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது. வாய்க்கால் குறுகும், சக்கரத்தின் ஒரு பக்கம் கனக்கும், சமநிலை போகும், அச்சு தேயும். உளி வைத்துச் சுரண்டினால் பலகையும் சேர்ந்து பெயரும். ஆகவேதான் சில ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பையே மாற்றினார்கள். பதினாறு சக்கரத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு மூன்று சக்கரம் புதிதாகச் செய்ய வேண்டும். அதுபோக மேலே கால்வாய் முழுவதையும் சுரண்ட ஆள். மொத்தமாக வாங்க ஒரு பெரிய வாடிக்கையாளர் இருக்கும்வரை கட்டுப்படியாகும். அந்த வாடிக்கையாளர் குறைந்தால் கடைசியாக மாட்டிய சக்கரம் தேயும்வரை ஓட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். ஒரு வரிசை முன்பே நின்றது இதற்கு ஒத்துவருகிறது.

கூடலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஓடை இருக்கிறது. ஒன்றரை மீட்டர் இறக்கம் கிடைக்கும். பார்பெகால் மாதிரி ஒரு சின்ன சக்கரம் செய்து திரிகை ஓட்ட முடியுமா? – தோட்டக்காரர், நீலகிரி

முடியும், ஆசையைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டால். ஓடைத் தண்ணீரைத் திருப்ப அனுமதி வேண்டும். வன எல்லையை ஒட்டியிருந்தால் வனத்துறையையும் கேளுங்கள். அதை முடித்துவிட்டு அளக்க ஆரம்பியுங்கள்.

மார்ச், ஏப்ரலில் தண்ணீர் மெலிந்திருக்கும்போது அளப்பதே அளவு. தற்காலிகமாக ஒரு தகரம் வைத்து ஓடையைக் குவித்து 100 லிட்டர் டிரம்மில் பிடியுங்கள். பத்து நொடியில் நிரம்பினால் நொடிக்கு 10 லிட்டர். ஒன்றரை மீட்டர் இறக்கத்தில் சக்கரத்துக்குக் கிடைப்பது 1.2 மீட்டர், மேலே 15 சென்டிமீட்டர் தண்ணீர் வேகமெடுக்க, கீழே 15 சென்டிமீட்டர் சக்கரத்தின் அடி தண்ணீரைத் தொடாமலிருக்க. சக்தி 10 × 9.81 × 1.2 × 0.6, அதாவது 70 வாட். ஒரு சீலிங் ஃபேன் இழுக்கும் அளவு. மணிக்கு இரண்டு கிலோ மாவு வரும். குடும்பத்துக்கு அதுவே அதிகம்.

1.2 மீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 19 சுற்று சுற்ற வேண்டும். 24 வாளிகள் வைத்தால் நொடிக்கு ஏழெட்டு வாளி கடக்கும், ஒவ்வொன்றும் 1.3 லிட்டர் வாங்கும். ஆனால் வாளியின் கொள்ளளவு நான்கு லிட்டர் இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குதான் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அடிவாரம் வருவதற்குள் சிந்திவிடும். சிந்திய தண்ணீர் வேலை செய்யாது. ஆழம் 12, அகலம் 30 சென்டிமீட்டர் போதும். தண்ணீர் கொட்டும் வாயை 25 சென்டிமீட்டராகக் குறுக்குங்கள். இரு ஓரத்திலும் காற்று வெளியேற வழி இல்லையென்றால் வாளி தண்ணீரை வாங்காமல் துப்பும். முதல்முறை செய்கிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அச்சுக்கு 40 மில்லிமீட்டர் இரும்புத் தண்டு, இரண்டு முனையிலும் பில்லோ பிளாக் பேரிங். பேரிங்கைத் தண்ணீர் தெறிக்காத தூரத்தில் வையுங்கள். வாளிக்குத் துத்தநாகம் பூசிய தகடு நல்லது. மரம்தான் வேண்டுமென்றால் தேக்கு. மரச்சக்கரத்தை நாள்கணக்கில் ஒரே நிலையில் நிறுத்தாதீர்கள். ஒரு பக்கம் ஊறி, மறுபக்கம் காய்ந்து, எடை சமமில்லாமல் போனால் ஓடும்போது துள்ளும். உடம்பு முழுக்க நனைந்தபடி இருப்பதுதான் மரத்துக்கு நல்லது.

தண்ணீர் எடுக்கும் இடத்தில் இலை தடுக்கக் கம்பி வலை, அதற்கு முன்பாகவே உபரி நீர் வழியும் மதகு. தென்மேற்குப் பருவத்தில் ஓடை எத்தனை மடங்கு பெருகும் என்று உங்களுக்கே தெரியும். மதகு இல்லாத சக்கரம் ஜூலையைத் தாண்டாது.

பழைய பெரிய அரவைக்கல் ஒரு ஜோடி வாங்கினேன். மாவு சூடாக, ஒருவித நெடியோடு வருகிறது. என்ன கோளாறு? – எம். டி., பெருந்துறை

கல் மொக்கையாகியிருக்கும், அல்லது இடைவெளி போதவில்லை. இரண்டும் சேர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கையில் பிடித்தால் வெதுவெதுப்பு இருக்கலாம், சுட்டால் தவறு. தானியம் தீர்ந்து கல்லோடு கல் உரசினாலும் அந்த நெடி வரும், பொறியும் பறக்கும். மாவுத்தூள் நிறைந்த அறையில் பொறி என்பது தீ விபத்து. பழைய ஆலைகளில் தானியப் பெட்டியில் ஒரு வாரைக் கட்டி, தானியம் குறைந்தால் மணி அடிக்கும்படி வைத்திருந்தது இதற்காகத்தான்.

மேற்கல்லைத் தூக்கித் திருப்பிப் போடுங்கள். நேரான மரச்சட்டம் ஒன்றில் காவியைக் குழைத்துப் பூசி கல்லின் முகத்தில் தேய்த்தால் மேடான இடம் மட்டும் சிவக்கும். அம்மி கொத்துபவரைக் கூப்பிட்டு அந்தச் சிவப்பை மட்டும் கொத்தச் சொல்லுங்கள். மறுபடி தேய்க்கவும், மறுபடி கொத்தவும். சிவப்பு முகமெங்கும் சமமாக ஒட்டும்வரை. பிறகு பள்ளக் கோடுகள். இவை மாவை வெளியே தள்ளவும் காற்று உள்ளே போகவும் வேண்டியவை. நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஆழம், விளிம்பை நோக்கி மெலிந்து வர வேண்டும். எல்லாக் கோடும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கட்டும். சுழலும் திசைக்கு எதிராக வெட்டினால் மாவு உள்ளேயே சுற்றிக் கருகும்.

இடைவெளி நடுவில் தானியம் நுழையும் அளவு, விளிம்பில் மெல்லிய தாள் உரசிக்கொண்டு போகும் அளவு. விளிம்பைச் சுற்றி நான்கு இடத்தில் தாள் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம், எதிர்ப்பக்கம் தளர்வு என்றால் கல் சமநிலையில் இல்லை. கொத்தி அதைச் சரிசெய்ய முடியாது, அச்சின் முனையைத்தான் பார்க்க வேண்டும். கொத்தியபின் முதல் மூன்று நான்கு கிலோ மாவில் கல்தூள் இருக்கும். மாட்டுக்குக்கூடப் போடாதீர்கள். நாள் முழுக்க ஓடும் ஆலையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொத்து தேவைப்படும். வாரம் ஒருநாள் ஓட்டுகிறவருக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை.

இந்தியாவில் இப்படி ஏதும் உண்டா? – பள்ளி ஆசிரியர், ஓசூர்

ஔரங்காபாத்தில் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) பாபா ஷா முசாஃபிர் தர்காவை ஒட்டிய பன்சக்கி என்ற தண்ணீர் ஆலை பார்க்கத்தக்கது. தொலைவிலுள்ள ஊற்றிலிருந்து மண்குழாயில் தண்ணீர் கொண்டுவந்து யாத்ரீகர்களுக்கு மாவு அரைத்தார்கள். உத்தராகண்ட், இமாச்சல மலைகளில் கராட் என்ற சிற்றாலைகள் இன்னும் சில ஓடுகின்றன. அவை பார்பெகால் வகை அல்ல. சக்கரம் படுக்கைவாட்டில் கிடக்கும், அச்சு நேரே மேலேறி மேற்கல்லைச் சுற்றும், நடுவில் பல்சக்கரமே கிடையாது. உடைய உறுப்பு குறைவு, சக்தியும் குறைவு. நேபாளத்தில் மரச்சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சக்கரம் மாட்டி அரவையை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டியிருக்கிறார்கள். ஆட்கள் இறங்கிப்போன மலையூர்களில் கராட்டும் நின்றுவிட்டது. மின்சார மில்லைவிட மெதுவாக அரைப்பது போக, வெள்ளத்துக்குப் பிறகு வாய்க்காலைத் தூர்வார ஊரே கூட வேண்டும். ஊரே இல்லாதபோது யார் வருவார்கள்?

பிரான்சில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன். பார்பெகாலுக்குப் போவது எப்படி? – ஓய்வுபெற்றவர், புதுச்சேரி

முதலில் ஆர்ல் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஆலையின் மாதிரி உருவம் அங்கே உண்டு. அதைப் பார்க்காமல் நேரே சரிவுக்குப் போனால் குவிந்து கிடக்கும் கல்லைத் தவிர ஒன்றும் புரியாது. அங்கிருந்து ஃபோன்வியேய் பக்கம் காரில் போய், கிராமத்துக்குத் தெற்கே ரோமானியக் கால்வாய் என்ற பலகையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். ஃபோன்வியேயில் 'ஆலை' என்று காட்டும் வேறு பலகையைப் பின்தொடர்ந்தால் குன்றின் மேல் நிற்கும் ஒரு காற்றாலைக்குப் போய்ச் சேர்வீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, வளைவுத் தூண்களை ஒட்டித் தெற்கே நடந்து பாறை வெட்டு வழியாக நுழைந்தால் சரிவின் உச்சி. கட்டணம் இல்லை, நிழலும் இல்லை, தண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும். படிகள் உடைந்திருக்கின்றன, முழங்கால் வலி இருந்தால் உச்சியிலேயே நின்று பார்த்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீ அபாயம் உள்ள நாட்களில் அல்பீய் குன்றுகளுக்குள் நுழையத் தடை போடுவார்கள்; முந்தின நாள் மாலை மகளைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏப்ரல் அல்லது அக்டோபர் வசதி.